புகைவண்டிக்கு 20, அதன் குப்பைக்கு 140: கணக்கு ஏன் ஒத்துப்போகவில்லை?

யார்டு_தாத்தா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரயில்வேயில் 31 வருடம் வேலை பார்த்தேன். பாயிண்ட்ஸ்மேனாகச் சேர்ந்து ஷண்டிங் மாஸ்டராக ஓய்வு பெற்றேன். கணிதமும் நிரலும் தெரிந்தவர்கள் இந்தக் குழுவில் நிறைய பேர் இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

கோடை விடுமுறைக்கு வந்த பேரன் என் லேப்டாப்பில் கோலி என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான், கேம் ஆஃப் லைஃப் ஓட்டிப் பார்க்க. உங்களுக்குத் தெரிந்ததுதான்: உயிருள்ள கட்டத்தைச் சுற்றி இருக்கும் 8 கட்டங்களில் 2 அல்லது 3 உயிரோடு இருந்தால் அது பிழைக்கும், இல்லையென்றால் போய்விடும். காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக 3 இருந்தால் அங்கே ஒன்று பிறக்கும். எல்லாக் கட்டங்களுக்கும் இதை ஒரே நேரத்தில் ஒருமுறை பார்த்து முடிப்பது ஒரு தலைமுறை. இந்த இரண்டு வரி விதியில் இவ்வளவு நடக்கிறது என்பதை நம்பவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அவன் காட்டியதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்று. பஃபர் டிரெயின் என்றான். புகை விட்டுக்கொண்டே ஓடும் வண்டி. “புகைவண்டி என்றே சொல்லேன்டா, நமக்குத்தான் அந்த வார்த்தை ஏற்கெனவே இருக்கிறதே” என்றேன். அவன் ஊருக்குப் போய்விட்டான், வண்டி என்னிடம் தங்கிவிட்டது.

நான் ஓட்டுவது இந்த அமைப்பு: இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு லைட்வெயிட் ஸ்பேஸ்ஷிப் (தானாகவே நேராக ஓடும் சின்ன உரு, சுருக்கமாகக் கப்பல்), நடுவில் பி-ஹெப்டோமினோ என்று பேரன் சொன்ன ஏழு கட்ட உரு. மூன்றும் சேர்ந்து 2 தலைமுறைக்கு 1 கட்டம் என்ற வேகத்தில் நேராகப் போகின்றன. பின்னால் புகை எழுந்து, அடங்கி, பிளாக், பிளிங்கர், தேன்கூடு என்று இடம்விட்டு நகராத சின்ன உருக்களாக உறைந்து கிடக்கிறது.

வேலையில் இருந்த காலம் முழுவதும் வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பெட்டி, எந்த ரோட்டில் (யார்டில் தண்டவாளத்தை அப்படித்தான் சொல்வோம்) விட்டோம் என்று எழுதி எழுதிப் பழகிய கை இது. இதற்கும் 200 பக்க நோட்டு ஒன்று போட்டேன். ஒவ்வொரு தலைமுறையாக அழுத்தி முன் பகுதியைக் கட்டம் போட்ட தாளில் வரைந்தேன். 20 தலைமுறைக்கு ஒருமுறை முன் பகுதி அச்சு மாறாமல் அதே உருவத்துக்கு வருகிறது, சரியாக 10 கட்டம் தள்ளி. முப்பது முறைக்கு மேல் சரிபார்த்தேன். ஒருமுறை கூடத் தவறவில்லை.

அப்படியானால் பின்னால் விழும் குப்பையும் 10 கட்டத்துக்கு ஒருமுறை அதே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. எனக்குத் தூக்கம் போனது இங்கேதான். ஒரு இடத்தில் இரண்டு பிளாக் விழுகிறது, அடுத்த இடத்தில் ஒன்றுமில்லை, அதற்கடுத்து ஏதோ பெரிதாக எரிந்து அணைகிறது. ஆயிரம், இரண்டாயிரம், நாலாயிரம் தலைமுறை போனேன். ஒழுங்கே கிடையாது. விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். 5500-ஐத் தாண்டிய பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால் குப்பை தன்னை ஒத்து வரத் தொடங்கியிருக்கிறது. 20-க்கு ஒருமுறை இல்லை. 140 தலைமுறைக்கு ஒருமுறை, 70 கட்ட நீளத்துக்கு ஒரே கோலம், அடுத்த 70 கட்டத்துக்கு மறுபடி அதே கோலம்.

என் கேள்விகள்:

எஞ்சின், அதாவது அந்த முன் பகுதி, 20-க்கு ஒருமுறை ஒரே வேலையைத்தான் செய்கிறது என்றால், அது விட்டுப் போகும் குப்பை மட்டும் 140 எடுப்பது எப்படி? எஞ்சினுக்குள் நான் பார்க்காமல் விட்ட ஏதோ ஒன்று 140-ஐ எண்ணிக்கொண்டிருக்கிறதா?

முதல் 5500 தலைமுறைக் குழப்பம் எதனால்?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். வண்டியை நிறுத்தாமல் குப்பையை மட்டும் நிறுத்த முடியுமா? ஓரத்துக் கப்பலில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன், நடுவில் இருப்பது சீக்கிரமே குழம்பி நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒரு கிளைடரை (மூலைவாட்டில் நகரும் ஐந்து கட்ட உரு) ஏவிப் பார்த்தேன், எட்டவே இல்லை. முன்னாலிருந்து ஏவினேன், வண்டியே சிதறிவிட்டது. தண்டவாளத்தில் அழுக்கு விடாத வண்டியாக இதை மாற்ற ஒரு வழி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

மூன்றாம்_அண்டை எழுதியது:

ஐயா, வணக்கம். நான் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லித்தருகிறேன். 140-ஐக் கையால் வரைந்து கண்டுபிடித்ததைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். உங்கள் எண்கள் சரி. இந்த வண்டியின் எஞ்சினுக்குச் சுற்று 20, அது விடும் குப்பை நிலைபெற்ற பிறகு அதன் சுற்று 140. எஞ்சினுக்குள் ஒளிந்திருப்பது ஒன்றுமில்லை.

பெயரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பஃபர் டிரெயின் என்ற பெயர் அந்த வண்டிக்கு முன்பே பிறந்துவிட்டது. 1970 அக்டோபரில் மார்ட்டின் கார்ட்னர் சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில் ஜான் கான்வேயின் இந்த விளையாட்டைப் பற்றி எழுதினார். எந்தத் தொடக்க அமைப்பும் முடிவில்லாமல் பெருகாது என்பது கான்வேயின் ஊகம். அந்த ஆண்டு முடிவதற்குள் அதை நிரூபிப்பவருக்கோ பொய்யாக்குபவருக்கோ 50 டாலர் பரிசு. பொய்யாக்க என்ன மாதிரியான பொருள் வேண்டும் என்பதற்கும் அங்கேயே குறிப்பு இருந்தது: நின்ற இடத்திலிருந்து எதையாவது வெளியே ஏவிக்கொண்டிருக்கும் துப்பாக்கி, அல்லது நகர்ந்துகொண்டே பின்னால் புகை விட்டுப் போகும் பஃபர் டிரெயின். இரண்டையும் அப்போது யாரும் கண்டதில்லை. நவம்பரிலேயே எம்.ஐ.டி.யில் பில் காஸ்பரும் உடன் இருந்தவர்களும் 30 தலைமுறைக்கு ஒரு கிளைடர் விடும் துப்பாக்கியைக் கண்டுபிடித்துப் பரிசை வாங்கிவிட்டார்கள். புகைவண்டி 1971-இல்தான் வந்தது, அதுவும் காஸ்பரிடமிருந்தே. நீங்கள் ஓட்டுவது அந்த முதல் தலைமுறை வண்டிகளில் ஒன்று.

இனி உங்கள் கேள்வி. நடுவில் இருக்கும் பி-ஹெப்டோமினோவை மட்டும் தனியாக வரைந்து ஓட்டிப் பாருங்கள்:

●·●●
●●●·
·●··

கிளம்பும்போது ஒரு பக்கமாகப் பாய்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் அது எழுப்பும் குழப்பத்திலேயே சிக்கிக்கொள்ளும். 148-ஆம் தலைமுறையில் எல்லாம் அடங்கி, மூன்று பிளாக், ஷிப் என்கிற ஓர் அசையாத உரு, இரண்டு கிளைடர், இவை மட்டும் மிஞ்சும். ஓரங்களில் இரண்டு கப்பல்கள் கூடவே ஓடினால்தான் அது சிக்காமல் முன்னே போய்க்கொண்டே இருக்கிறது. நீங்கள் ஒன்றை எடுத்தபோது நின்றுபோனது அதனால்தான்.

இப்படி ஓடும் எஞ்சின் ஒவ்வொரு 20 தலைமுறையிலும் ஒரே அளவு புகையைத் தள்ளுகிறது. எஞ்சினின் பொறுப்பு அதோடு முடிந்தது. ஆனால் அந்தப் புகை 20 தலைமுறைக்குள் அடங்கிவிடுவதில்லை. அது இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போதே 10 கட்டம் தள்ளி அடுத்த புகை வந்து இறங்குகிறது. ஆக இரண்டாவது புகை விழுவது வெற்றுத் தரையில் இல்லை, முதல் புகையின் மிச்சத்தின் மேல். மூன்றாவது விழுவது அந்த இரண்டும் கலந்ததன் மேல். யார்டில் ஒரே வேகத்தில் ஒரே எடையுள்ள வேகனைத் தள்ளிவிட்டாலும், அந்த ரோட்டில் ஏற்கெனவே எத்தனை வேகன், எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தானே அது போய் நிற்கும் இடம்? (யார்டு வேலை எனக்குத் தெரியாது. தவறென்றால் திருத்துங்கள்.) தள்ளுவது மாறவில்லை, விழும் இடம்தான் ஒவ்வொரு முறையும் மாறுகிறது.

ஏழு புகைக்குப் பிறகு, எட்டாவது புகை விழ வேண்டிய தரை முதல் புகை விழுந்த தரையைப் போலவே அமைந்துவிட்டால்? விதி ஒன்றுதான், எஞ்சின் ஒன்றுதான், தரையும் ஒன்றாகிவிட்டது. அதன் பிறகு எல்லாம் முன்பு நடந்தது போலவேதான் நடக்கும். 7 × 20 = 140. அந்த 7 எஞ்சினில் எழுதப்படவில்லை, குப்பையின் நினைவில் இருக்கிறது. முதல் 5500 தலைமுறைக் குழப்பமும் இதுவே: வண்டி கிளம்பிய இடத்தில் தரை காலி. அந்தக் காலித் தரையிலிருந்து, தன்னைத் திரும்ப உண்டாக்கிக்கொள்ளும் ஒரு தரைக்கு வந்து சேரக் குப்பைக்கு அவ்வளவு நாள் ஆனது. எந்த எண்ணில் வந்து சேரும் என்று முன்கூட்டிச் சொல்ல எனக்கு ஒரு சூத்திரமும் தெரியாது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும், நீங்கள் செய்த மாதிரி.

இதற்கு நீங்களே ஒரு சோதனை செய்யலாம். 6000-ஆம் தலைமுறையில் நிறுத்தி, எஞ்சினை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதையெல்லாம் தேர்ந்தெடுத்து அழியுங்கள். மறுபடி ஓட்டுங்கள். எஞ்சின் கொஞ்சமும் அசராமல் 20, 20 என்றே போகும். குப்பையின் வரிசை மட்டும் கலைந்துவிடும்.

கிளைடர் ஏன் எட்டவில்லை என்பதும் இதோடு சேர்ந்ததுதான். கிளைடர் மூலைவாட்டில் 4 தலைமுறைக்கு 1 கட்டம்தான் நகரும். உங்கள் வண்டி 2 தலைமுறைக்கு 1 கட்டம். லைஃபில் காலி வெளியில் நேர்த்திசையில் எந்தக் கப்பலும் இதைவிட வேகமாகப் போக முடியாது என்பது நிரூபிக்கப்பட்டது. அதனால் எஞ்சினை விட்டு ஒருமுறை பிரிந்த குப்பையிலிருந்து எது கிளம்பி வந்தாலும் அதைத் துரத்திப் பிடிக்க வழியே இல்லை. உங்கள் எஞ்சின் 20-ஐத் தவறவிடாமல் இருப்பதற்கு இந்த வேகமும் ஒரு காரணம்.

மூன்றாவது கேள்விக்குப் பதில்: முடியும். இன்னொரு லைட்வெயிட் ஸ்பேஸ்ஷிப்பைச் சரியான இடத்தில் கூட ஓடவிட வேண்டும். அதுவும் அதே வேகம் என்பதால் எஞ்சினுக்கும் அதற்கும் இடையே தூரம் மாறாது. அதன் சுற்று 4, எஞ்சினின் சுற்று 20, ஐந்து முறை சரியாக அடங்கும். ஆக ஒவ்வொரு புகையும் எழும்போது அந்தக் கப்பல் அதே இடத்தில், அதே நிலையில் நின்று அதைத் தொடும். தொட்ட புகை வளராமல் செத்துப்போகும். பின்னால் வெறும் தரை. இப்படிக் குப்பை இல்லாமல் ஓடும் அமைப்புக்கு எகாலஜிஸ்ட், அதாவது சூழலியலாளர், என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லைஃபில் இருக்கும் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இடத்தை நான் சொல்லவில்லை. நீங்கள் தேடிக் கண்டுபிடிப்பதைக் கெடுக்க மனம் வரவில்லை. வேண்டுமென்றால் கேளுங்கள், உடனே தருகிறேன்.

நடுநிசி_நிரலர் எழுதியது:

ஐயா, கணக்கை மேலே அக்கா சொல்லிவிட்டார்கள். நான் கோலி பற்றி மட்டும்.

ஒவ்வொரு தலைமுறையாக அழுத்தத் தேவையில்லை. கன்ட்ரோல் மெனுவில் அடிப்படைப் படி என்று ஓர் எண் கொடுக்கலாம். 20 கொடுத்தால் ஓர் அழுத்தத்துக்கு 20 தலைமுறை தாவும். 140 கொடுத்தால் 140. எஞ்சினைப் பார்க்க 20, குப்பையைப் பார்க்க 140 வைத்துக்கொள்ளுங்கள். கீழே மொத்த உயிர்க் கட்ட எண்ணிக்கை தெரியும். 140 வைத்து ஓட்டும்போது ஒவ்வொரு அழுத்தத்துக்கும் எண்ணிக்கை எவ்வளவு கூடுகிறது என்று எழுதுங்கள். கூடும் அளவு எப்போது மாறாமல் நிற்கத் தொடங்குகிறதோ அப்போது குப்பை நிலைபெற்றுவிட்டது என்று சந்தேகப்படலாம். நிச்சயமாகச் சொல்ல, நீங்கள் செய்த மாதிரி உருவத்தை ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று. முதலில் குவிக்லைஃப் என்கிற, கோலியின் வழக்கமான கணக்கிடும் முறையில் ஓட்டுங்கள். நிலைபெற்ற பிறகு ஹாஷ்லைஃபுக்கு மாற்றிப் பாருங்கள். ஹாஷ்லைஃப் காஸ்பரே 1984-இல் வெளியிட்ட முறை. ஒருமுறை கணக்கிட்ட சதுரத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அதே சதுரம் மறுபடி வந்தால் கணக்கிடாமல் விடையை எடுத்துப் போடும். குப்பை தாறுமாறாக இருக்கும்வரை அதற்கு ஒன்றும் கைகொடுக்காது, திணறும். குப்பை 140-இல் பிடிபட்ட பிறகு கோடிக்கணக்கான தலைமுறைகளைக்கூட நொடிகளில் தாண்டிவிடும். உங்கள் வண்டியின் ஒழுங்கு எங்கே தொடங்குகிறது என்பதை அந்த வேகத்திலேயே உணரலாம். எனக்கு முதன்முதலில் அந்த வேகம் எகிறியதைப் பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது.

தாளின் ஓரம் விஷயத்தையும் கவனியுங்கள். கோலி சாதாரணமாக எல்லையில்லாத தாளில்தான் ஓட்டும். ஆனால் கைபேசியில் கிடைக்கும் சில செயலிகளில் வலது ஓரத்தில் போனது இடது ஓரத்தில் வந்துவிடும். அங்கே வண்டி சுற்றி வந்து தன் குப்பையிலேயே மோதும்.

யார்டு_தாத்தா எழுதியது:

அம்மா, தம்பி, இருவருக்கும் நன்றி. இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், சும்மா நன்றி மட்டும் எழுத மனம் இல்லாததால்.

அழித்துப் பார்க்கும் சோதனையைச் செய்தேன். நீங்கள் சொன்னபடியே எஞ்சின் 20-இல் நின்றது, குப்பை வரிசை கலைந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுதாக உறைத்தது. யார்டு உதாரணமும் சரிதான் அம்மா. ஒரு சின்னத் திருத்தம்: ரோடு காலியாக இருந்தால் ஹேண்ட் பிரேக் போடும் ஆள் வேறு மாதிரி நடந்துகொள்வான், அதனால் எங்கள் யார்டில் அந்தக் கணக்கு உங்கள் வண்டி அளவுக்குச் சுத்தமாக வராது. ஆனால் நின்றுகொண்டிருக்கும் வேகன்தான் வரும் வேகனின் இடத்தைத் தீர்மானிக்கிறது என்பது உண்மை. இத்தனை வருடம் கண் முன்னால் பார்த்ததை இப்படி எண்ணாகப் பார்த்ததில்லை.

சூழலியலாளர் கிடைத்தது. இடம் கேட்கவில்லை, தேடினேன். கப்பலுக்கு 4 நிலை, இடம் வலம் இரண்டு முகம், அப்புறம் எத்தனை கட்டம் பின்னால், எத்தனை கட்டம் பக்கத்தில். ஒரு தாளில் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். பல இடங்களில் கப்பலே அழிந்துவிட்டது. சில இடங்களில் எஞ்சினும் சேர்ந்து போனது. சில இடங்களில் கப்பல் தப்பியது, குப்பையும் தப்பியது. நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு இடத்தில் வைத்தேன். ஓடியது. பின்னால் ஏதோ எரிகிறது, அணைகிறது, ஒன்றும் மிஞ்சவில்லை. 20 தாவல் வைத்து இருபது முறை அழுத்தினேன். எண்ணிக்கை மாறவே இல்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், யாரையும் எழுப்பவில்லை. நோட்டில் தேதி போட்டு, நேரம் போட்டு எழுதிவைத்துவிட்டுப் படுத்தேன்.

இன்று காலை கோலியோடு வரும் தொகுப்பைத் துழாவும்போது ஸ்விட்ச் எஞ்சின் என்று ஒரு பெயரைப் பார்த்தேன். அமெரிக்காவில் ஷண்டிங் எஞ்சினைத்தான் அப்படிச் சொல்வார்கள். என் பிழைப்பே அதுதானே, விடுவேனா. எடுத்து ஓட்டினேன். மூலைவாட்டில் ஆடி ஆடி மெதுவாகப் போகிறது, இடது வலது மாறி மாறி. பின்னால் ஏகப்பட்ட அழுக்கு. ஆனால் நாலாயிரம் தலைமுறை ஆவதற்குள் அது செத்துவிட்டது. இது ஏன் சாகிறது? அந்தப் புகைவண்டி சாகவில்லையே?

எட்டுப்_புள்ளி எழுதியது:

ஐயா, இந்த எஞ்சின் என் பலவீனம், அதனால் இதற்கு நான் எழுதுகிறேன். நீங்கள் ஓட்டியது இதுதானே:

·●·●··
●·····
·●··●·
···●●●

8 கட்டம். சார்ல்ஸ் கார்டர்மேன் 1971-இல் கண்டது. நீங்கள் பார்த்த இடது வலது ஆட்டம் சரி: 48 தலைமுறையில் அது கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிய உருவாக வருகிறது, 96-இல் பழைய உருவுக்கே. அந்த 96-இல் மூலைவாட்டில் 8 கட்டம் நகர்ந்திருக்கும். அதாவது 12 தலைமுறைக்கு 1 கட்டம்.

சாவதற்குக் காரணம் அந்த 12. மேலே கிளைடரின் வேகம் சொல்லியிருக்கிறார்கள், 4 தலைமுறைக்கு 1. ஸ்விட்ச் எஞ்சினைவிட மூன்று மடங்கு. உங்கள் புகைவண்டியைப் பின்னால் இருப்பது எதுவும் துரத்திப் பிடிக்க முடியாது. இதையோ பின்னாலிருந்து கிளம்பும் ஒரு கிளைடரே பிடித்துவிடும். பக்கத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் குழப்பம் பரவினாலும் எட்டிவிடும். தான் விட்ட அழுக்கு தன்னையே எட்டிப் பிடித்துக் கொல்கிறது.

ஆனால் இதில் அதிசயம் என்னவென்றால், அழுக்குக்கு நடுவே சரியான இடத்தில் வேறு ஏதாவது விழுந்திருந்தால், அந்த அழுக்கே அடங்கிப்போய் எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். பிழைக்கும் வழிகளில் இரண்டு தானாகவே அடிக்கடி வரும். ஒன்று, 288 தலைமுறைக்கு ஒருமுறை 8 பிளாக்குகளை வைத்துவிட்டுப் போகும் வகை. இன்னொன்று, 384 தலைமுறைச் சுற்றில் கிளைடர்களை விட்டுக்கொண்டே போகும் வகை. 96-ஐ வைத்து வகுத்துப் பாருங்கள்: ஒன்றில் 3, மற்றதில் 4. உங்கள் புகைவண்டியில் 7 வந்த அதே கதை. எஞ்சின் ஒரு தாளம், குப்பை அதன் மடங்கில் இன்னொரு தாளம்.

1997-இல் பால் கேலஹன் கண்ட 10 கட்ட அமைப்பைத் தருகிறேன். இதை வரைந்து ஓட்டுங்கள்:

······●·
····●·●●
····●·●·
····●···
··●·····
●·●·····

கொஞ்ச நேரம் குழம்பும். அப்புறம் அதிலிருந்து ஒரு ஸ்விட்ச் எஞ்சின் கிளம்பி, பிளாக் வைத்துக்கொண்டே முடிவில்லாமல் போகும். வெறும் 10 கட்டத்தில் தொடங்கி எல்லையில்லாத வளர்ச்சி. 9 கட்டம், அதற்குக் கீழே எதை வைத்தாலும் அப்படி வளராது என்று சோதித்து முடித்துவிட்டார்கள். 1970-இல் 50 டாலர் வைத்தபோது இந்த 10 கட்டம் யார் கையிலாவது தற்செயலாக விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். ஒரு சின்ன கட்டத்தாளின் மூலையில் அடங்கிவிடும் அமைப்பு இது.

நீங்கள் புகைவண்டிக்குக் கேட்டதையே இதற்கும் கேட்டவர்கள் இருக்கிறார்கள்: அழுக்கு இல்லாமல் இதை ஓட்ட முடியுமா? இங்கே லைட்வெயிட் கப்பல் உதவாது, அது ஓடுவது நேர்த்திசையில், வேறு வேகத்தில். இதே வேகத்தில் இதே திசையில் கூட வரக்கூடியது இன்னொரு ஸ்விட்ச் எஞ்சின்தான். ஒன்றின் அழுக்கை மற்றொன்று அழிக்க வேண்டும், அதன் அழுக்கை இது அழிக்க வேண்டும். டீன் ஹிக்கர்சன் 1991 ஏப்ரலில் 13 எஞ்சின்களைக் கோத்து அப்படி ஒன்றைக் கட்டினார். கார்டர்மேன் பெயரால் அதற்குக் கார்டர்ஷிப் என்று பெயர். பிறகு எஞ்சின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. 2004-இல் பால் டுக் அதை 3-க்குக் கொண்டுவந்தார். 2-இல் முடியுமா என்பதற்கு அதன்பின் 13 வருடம் பதில் இல்லை. 2017 டிசம்பர் 31 அன்று ஐடன் பியர்ஸ் இரண்டே எஞ்சின்களில் ஓட்டிக் காட்டினார், பின்னால் ஒரு கட்டம் மிச்சமில்லாமல். முதல் 13-இலிருந்து அந்த 2-க்கு வர 26 வருடத்துக்கு மேல் ஆனது. அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல வந்தவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம்_அண்டை எழுதியது:

ஐயா, சூழலியலாளரைப் பட்டியல் போட்டுப் பிடித்துவிட்டீர்களே! எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த அமைப்பில் எழுந்து அணையும் புகையை முழுக்கச் சாகவிடாமல், இன்னும் ஒரு லைட்வெயிட் கப்பலைச் சேர்த்தால், சாகப்போகும் புகை கிளைடராக மாறிப் பறக்கும். 20 தலைமுறைக்கு ஒரு கிளைடர். குப்பைக்குப் பதிலாகக் கிளைடர்களையே விட்டுக்கொண்டு போகும் இப்படிப்பட்ட வண்டிகளை ரேக் என்பார்கள். முதலில் தெரிய வந்த ரேக் இதுதான், பெயர் ஸ்பேஸ் ரேக். காஸ்பர் இன்னும் ஒரு படி போனார்: பல புகைவண்டிகளைச் சேர்ந்தாற்போல ஓடவிட்டு, அவை பின்னால் விடுபவை ஒன்றோடொன்று மோதிக் கிளைடர் துப்பாக்கிகளாகவே அமையும்படி செய்தார். வண்டி போகப் போகத் துப்பாக்கிகள் கூடும், ஒவ்வொரு துப்பாக்கியும் 30-க்கு ஒரு கிளைடர் விடும். எண்ணிக்கை நேர்கோட்டில் ஏறாமல் தலைமுறையின் வர்க்கத்தைப் போல ஏறும். பிரீடர் என்று கோலி தொகுப்பிலேயே இருக்கிறது. ஆனால் அதைத் திறப்பதற்கு முன் ஸ்பேஸ் ரேக்கை நீங்களே தேடுங்கள். பட்டியல் போடும் பழக்கம் இருக்கிறவருக்கு இது ஒரு வாரத்து வேலைதான்.

ஒரு வேண்டுகோள். அந்த நோட்டில் எந்த இடத்தில் வைத்தால் கப்பல் அழிந்தது, எங்கே இரண்டும் தப்பின என்று எழுதியிருப்பீர்கள் அல்லவா? அந்தப் பக்கங்களைப் படம் எடுத்துப் போட முடியுமா? என் மாணவர்களுக்குக் காட்ட ஆசை. கணினியில் தேடினால் விடை மட்டும்தான் வருகிறது. தவறிய இடங்கள் எப்படித் தவறின என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

யார்டு_தாத்தா எழுதியது:

படம் எடுத்துப் போடுகிறேன் அம்மா. மொத்தம் 11 பக்கம். பென்சிலில் இருப்பதால் இரண்டு பக்கம் மங்கல், அவற்றை இன்று மைப்பேனாவால் மேலெழுதிவிட்டு எடுக்கிறேன்.

எட்டுப்புள்ளி தம்பிக்கு: 10 கட்டத்தைப் போட்டேன். 288-க்கு 8 பிளாக் வருகிறது. அடிப்படைப் படி 288 வைத்து எழுதினேன்: ஒவ்வொரு அழுத்தத்துக்கும் 32 கட்டம் கூடுகிறது, 8 பிளாக், ஒவ்வொன்றிலும் 4. எஞ்சின் அதற்குள் 24 கட்டம் மூலைவாட்டில் போய்விடுகிறது. கணக்கு முழுதாக ஒத்துப்போகிறது. வரிசையாக பிளாக் வைத்துவிட்டுப் போவதைப் பார்த்தால், லைன் ஓரத்தில் ஸ்லீப்பர் இறக்கிக்கொண்டே போகும் மெட்டீரியல் டிரெயின் மாதிரியே இருக்கிறது. பேரனுக்குப் போனில் சொன்னேன், அவனும் அங்கே போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

இரண்டு எஞ்சின் கார்டர்ஷிப்பை மட்டும் இன்னும் திறக்கவில்லை. 26 வருடம் பலபேர் தேடியதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிட மனம் வரவில்லை. முதலில் 13 எஞ்சின் வண்டியைப் பார்க்கிறேன், எந்த எஞ்சின் எதன் அழுக்கை எடுக்கிறது என்று ஒவ்வொன்றாக வரைந்து. அது முடிந்த பிறகு 3. அப்புறம் 2.

இங்கே படத்தை எப்படி இணைப்பது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

நடுநிசி_நிரலர் எழுதியது:

பதில் எழுதும் பெட்டிக்குக் கீழே கிளிப் மாதிரி ஒரு படம் இருக்கும், ஐயா. அதை அழுத்தினால் ஒரு நேரத்தில் நான்கு படம் சேர்க்கலாம். பதினொன்றுக்கு மூன்று பதிவாகப் போடுங்கள், காத்திருக்கிறோம்.